நாடு கற்பனை, பாறை கற்பனை அல்ல

கதை எழுதுவோருக்கு எரிமலை மீது தனிப் பிரியம் உண்டு. கடல் நடுவே ஒரு தீவு, தீவின் நடுவே ஒரு மலை, மலை உச்சியில் புகை. ஒரு கற்பனை நாடு தயாராகி விடும்! மாணவர் சிலர் இத்தகைய நாடுகளுக்குப் பெயர் சூட்டி, நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் படமும் வரைவதுண்டு. இது வீண் வேலை என்பார் பெரியோர். நான் அவ்வாறு எண்ணவில்லை. நிலவியலை மனப்பாடம் செய்யாமல் கற்பதற்கு இது மிக நல்ல வழி என்பதே என் கருத்து. ஆனால் ஒரு நிபந்தனை: நாடு கற்பனையாக இருக்கலாம், பாறையின் இயல்பு கற்பனையாக இருக்கக் கூடாது.

எரிமலையை நினைத்த இடத்தில் எல்லாம் நிறுத்திவிட முடியாது. புவியின் மேலோடு பல பெரிய தட்டுகளாகப் பிளவுபட்டு, ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் நகர்ந்து கொண்டிருக்கிறது. கடலடித் தட்டு ஒன்று மற்றொரு தட்டின் அடியில் புதையும் இடங்களில் எரிமலைகள் வரிசையாகத் தோன்றுகின்றன. ஜப்பான், இந்தோனேசியா, ஆண்டிஸ் மலைத்தொடர் ஆகியவை இவ்வகை. ஐஸ்லாந்தில் தட்டுகள் ஒன்றை விட்டு ஒன்று விலகுகின்றன. அங்கும் எரிமலைகள் உண்டு. ஹவாய்த் தீவுகளோ தட்டின் நடுப்பகுதியில், ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடத்தில் பிறந்தவை. ஆகவே, உங்கள் நாட்டில் மலையை வரையுமுன் தட்டின் எல்லை எங்கே என்று முடிவு செய்யுங்கள்.

அடுத்து, மலைக்குள் இருக்கும் பாறைக் குழம்பு எத்தகையது? சிலிகா ஏறத்தாழ 50 சதவீதம் உள்ள பசால்ட் குழம்பு இளகி ஓடும். ஹவாயில் உள்ளது போல் அகன்று, சரிவு குறைந்த மலையை உண்டாக்கும். சிலிகா 60, 70 சதவீதம் என்று கூடக் கூடக் குழம்பு கெட்டியாகும். உள்ளே அடைபட்ட நீராவியும் பிற வாயுக்களும் எளிதில் வெளியேற வழியின்றி வெடித்துக் கிளம்பும். சாம்பல் வானை மறைக்கும்.

"உண்மையான நாடுகளே இத்தனை இருக்க, கற்பனை நாடு எதற்கு?" என்று ஆசிரியர் கேட்கலாம். அச்சிட்ட வரைபடத்தில் விடைகள் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன. நாம் பார்த்துப் படிக்கிறோம், அவ்வளவுதான். நாமே வரையும்போதோ ஒவ்வொரு கோடும் "ஏன்?" என்று நம்மைக் கேட்கிறது.

ஊரை எங்கே வைப்பீர்கள்? எரிமலைச் சாம்பல் நாளடைவில் வளமான மண்ணாகும். ஆற்றில் நீர் உண்டு. எனவே மலையிலிருந்து இறங்கி வரும் ஆற்றின் கரையில் வைப்பீர்கள். மனிதரும் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது.

தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டு ஆர்மேரோ நகரம் அப்படி அமைந்தது. 5,300 மீட்டருக்கும் மேல் உயர்ந்த நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலையின் உச்சியைப் பனிக்கட்டி மூடியிருக்கும். 1985 நவம்பர் 13 இரவு அது வெடித்தது. பெரிய வெடிப்பு அன்று. எனினும் அதன் வெப்பத்தில் பனியின் ஒரு பகுதி உருகியது. அந்த நீர் சாம்பலையும் பாறைகளையும் வாரிக்கொண்டு, சேற்று வெள்ளமாக ஆற்றுப் பள்ளத்தாக்கில் பாய்ந்தது. ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவிலிருந்த ஆர்மேரோவை அடைய அதற்கு இரண்டரை மணி நேரம் போதுமானதாயிற்று. இப்பேரழிவில் மாண்டவர் சுமார் 23,000 பேர். 1845-லும் இத்தகைய சேற்று வெள்ளம் அங்கு வந்திருந்தது; அது விட்டுச் சென்ற படிவின் மீதே நகரம் நின்றது! முந்தைய மாதமே விஞ்ஞானிகள் ஆபத்துப் பகுதிகளைக் குறித்து வரைபடம் வெளியிட்டிருந்தனர். அதில் ஆர்மேரோவும் இருந்தது. ஆயினும் ஊர் காலி செய்யப்படவில்லை.

1991-ல் பிலிப்பைன்ஸ் நாட்டின் பினாடுபோ எரிமலை விழித்தபோது, வரைபடத்தோடு விஞ்ஞானிகள் நிற்கவில்லை. எரிமலை ஆபத்துகளை விளக்கும் படத்தை அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் திரையிட்டுக் காட்டினர். பல்லாயிரம் பேர் முன்கூட்டியே வெளியேறினர். ஜூன் 15-ல் நிகழ்ந்த வெடிப்பு ரூயிஸ் வெடிப்பைவிடப் பன்மடங்கு பெரியது. உயிரிழப்பு அங்கும் உண்டு. ஆனால் ஆயிரக்கணக்கானோர் பிழைத்தனர்.

வரைபடம் வரைய விஞ்ஞானிகள் சிலர் போதும். அதைப் புரிந்துகொண்டு, "எங்கள் ஊரை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்பதற்கு ஊர் முழுவதும் வேண்டும். அந்தப் பயிற்சியைப் பள்ளியில்தான் தொடங்க முடியும்.

ஆகவே மாணவ நண்பர்களே, உங்கள் நாட்டை வரையுங்கள். தட்டு, மலை, ஆறு, வயல், ஊர் எல்லாம் வரைந்த பின், சிவப்புப் பென்சிலை எடுத்துச் சேறு பாயும் வழியையும் குறியுங்கள். அது ஊரைத் தொடுகிறதா? அப்படியானால் ஊரை மாற்றி வையுங்கள். காகிதத்தில் அதற்கு ஓர் அழிப்பான் போதும்.