ஃபிளெமிங்கைத் தூக்கச் சொல்லும் தம்பிகளுக்கு

 கொஞ்சம் நீளமான பதிவு. வேலை இருப்பவர்கள் முடித்துவிட்டு ராத்திரி படியுங்கள்.

2025 ஐ.பி.எல். முடிந்து இரண்டு வாரம் ஆகப்போன நேரம். நம் பழைய மாணவர் குழுவில் சண்டை மட்டும் முடியவில்லை. "முதல்ல ஃபிளெமிங்கை வீட்டுக்கு அனுப்பு" என்று கம்பத்தில் இருப்பவன் ஆரம்பித்தான். திருப்பூரில் இருப்பவன் ஆமாம் போட்டான். துபாயில் இருப்பவன் மூன்று நிமிஷத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். வகுப்பில் கேள்வி கேட்டால் எழுந்து நின்று பேசாமல் தரையைப் பார்த்த பையன் அவன்! சின்னமனூரில் இருக்கும் என் தங்கை மகன் எனக்குத் தனியாகவே எழுதிவிட்டான்: "மாமா, 2009-ல இருந்து ஒரே ஆளு. எந்தக் கம்பெனியில இப்படி விடுவாங்க?"

குழுவில் பதில் போட்டால் குட்மார்னிங் படங்களுக்கு நடுவில் காணாமல் போய்விடும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நீங்கள் கோபப்படுவதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். 2025-ல் பதினாலு ஆட்டத்தில் நாலே வெற்றி. பட்டியலில் கடைசி, பத்தாவது இடம். சென்னை அணி கடைசி இடத்துக்குப் போனது இதுதான் முதல் தடவை. சேப்பாக்கத்தில் 2008-க்குப் பிறகு பெங்களூரிடம் தோற்றதே இல்லை, அதுவும் அந்த வருஷம் நடந்தது. கொல்கத்தாவுடன் 103 ரன். அன்றைக்குப் பார்த்துக்கொண்டிருந்த நானே பாதியில் டிவியை அணைத்துவிட்டுப் படுத்துவிட்டேன்.

ஆனால் தம்பிகளா, இதே பேச்சை நீங்கள் 2020-லும் பேசினீர்கள். அந்த வருஷம் ஏழாவது இடம், முதல் தடவையாக பிளேஆஃப் போகவில்லை. கிழவர் கூட்டம், கோச்சை மாத்து என்றீர்கள். 2021-ல் கோப்பை. 2022-ல் ஒன்பதாவது இடம், மறுபடி அதே பாட்டு. 2023 மே மாதம் அகமதாபாத்தில் நடுராத்திரி தாண்டி ஜடேஜா கடைசி இரண்டு பந்தில் சிக்ஸரும் ஃபோரும் அடித்தபோது பட்டாசு வெடித்தது யார்? அன்றைக்கு எவனும் "ஃபிளெமிங் வாழ்க" என்று எழுதவில்லை. தோற்றால் கோச், ஜெயித்தால் தல. கணக்கு இப்படித்தான் ஓடுகிறது.

2024-ல் ஐந்தாவது, 2025-ல் பத்தாவது. தொடர்ந்து இரண்டு வருஷம் பிளேஆஃப் போகாதது அதற்கு முன் நடக்காதது. இங்கே உங்கள் கேள்வியில் வலு இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். கேள்வி கேட்கத்தான் வேண்டும். யாரிடம், எதைப் பற்றி என்பதில்தான் எனக்கும் உங்களுக்கும் தகராறு.

2024 நவம்பரில் ஜெட்டாவில் இரண்டு நாள் ஏலம். அந்த மேஜையில் ஃபிளெமிங்கும் இருந்தார், அவருக்கும் அதில் பங்கு உண்டு. அவர் மட்டுமா இருந்தார்? யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, யாருக்கு எத்தனை கோடி என்பதைத் தனி ஒரு ஆள் முடிவு செய்வாரா? கேப்டன் ருதுராஜ் முழங்கை உடைந்து வெளியே போனது கோச் செய்த வேலையா? டாப் ஆர்டர் ரன் எடுக்காமல் போனதற்கு ஏலத்தைக் குறை சொல்லுங்கள், பயிற்சியைக் குறை சொல்லுங்கள், அந்தந்த ஆட்டக்காரரையும் சேர்த்துச் சொல்லுங்கள். எல்லாவற்றையும் ஒரே தலையில் கட்டாதீர்கள்.

இன்னொன்று சொல்லட்டுமா? பலருக்குக் கோபம் வரும். பெங்களூர் ஆட்டத்தில் 197 ரன் துரத்தும்போது தோனி ஒன்பதாவது ஆளாக இறங்கினார். மறுநாள் முழுக்க ஃபிளெமிங்கைத் திட்டினீர்கள். அவருடைய முழங்கால் முன்போல் இல்லை, பத்து ஓவர் முழு வேகத்தில் நின்று ஆட முடியாது என்று கோச் வெளிப்படையாகவே சொன்னார். அப்படியானால் அவர் ஆட வேண்டுமா என்ற கேள்வி வரும். அதை நீங்கள் கேட்க மாட்டீர்கள். ஜடேஜா அவுட் ஆனபோது சேப்பாக்கமே எழுந்து கை தட்டியது, அடுத்து தோனி வருவார் என்று. சொந்த அணியின் விக்கெட் விழுந்ததற்குக் கை தட்டுகிற கூட்டம் நாம்தான். தோனியும் ஆட வேண்டும், அணியும் ஜெயிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து வராத அன்றைக்கு யார் மேலாவது பழி விழ வேண்டும். தோனி மேல் போட மனசு வராது. முதலாளி யாரென்று கண்ணுக்குத் தெரியாது. நியூசிலாந்துக்காரர் ஒருத்தர் டக்அவுட்டில் தொப்பி போட்டு உட்கார்ந்திருக்கிறார், அவரைப் போடு.

"பஞ்சாபைப் பாருங்க சார், கோச்சை மாத்தினாங்க, முதல் வருஷமே ஃபைனல்" என்று ஒருவன் எழுதியிருந்தான். நல்ல கேள்வி. பதில் சொல்கிறேன். 2020-லிருந்து பார்த்தால் கும்ப்ளே, பிறகு பேலிஸ், இப்போது பாண்டிங், மூன்றாவது கோச். கோச்சை மாற்றுவதுதான் மருந்து என்றால் பதினெட்டு வருஷத்தில் பஞ்சாப் ஒரு கோப்பையாவது வாங்கியிருக்க வேண்டுமே? பாண்டிங் விஷயத்தில் நீங்கள் பார்க்காதது ஒன்று இருக்கிறது. அவர் டெல்லியில் 2018 முதல் ஏழு சீசன் இருந்தவர். 2020-ல் டெல்லி ஃபைனல் போனபோது கேப்டன் ஷ்ரேயாஸ் ஐயர், கோச் பாண்டிங். கோப்பை வரவில்லை என்று டெல்லி அவரை அனுப்பியது. அவர் பஞ்சாபுக்குப் போய், அதே ஷ்ரேயாஸை 26.75 கோடி கொடுத்து எடுத்து, பட்டியலில் முதலிடத்துக்குக் கொண்டுபோனார். கோப்பை ஆறு ரன்னில் கை நழுவியது. முதல் வருஷத்திலேயே வந்த பலன் மாதிரி தெரிகிறது. அந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள எத்தனை வருஷம் ஆனது என்று எண்ணிப் பாருங்கள். பொறுமையில்லாமல் டெல்லி விட்டதைப் பஞ்சாப் அறுவடை செய்தது.

சுருளிப்பட்டி, கூடலூர் பக்கம் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டவர்கள் நம் குழுவிலேயே பத்துப் பேர் இருப்பீர்கள். ஒரு பருவத்தில் மழை அடித்துப் பழம் வெடித்துப் போனால், சாம்பல் நோய் விழுந்தால், கொடியை வேரோடு வெட்டிப் போடுகிறீர்களா? கவாத்து எடுத்து, மருந்தடித்து, அடுத்த வெள்ளாமைக்குக் காத்திருக்கிறீர்கள். 2025 சீசன் நடுவில் சென்னையும் கவாத்துதான் எடுத்தது. பதினேழு வயசு ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ், உர்வில் படேல் என்று பையன்களை உள்ளே கொண்டுவந்தார்கள். கடைசி ஆட்டத்தில் குஜராத்தை 83 ரன்னில் அடித்ததும் அந்தப் பையன்கள்தான். அதைப் பற்றிக் குழுவில் ஒருவரும் எழுதக் காணோம்.

கிரிக்கெட்டை விடுங்கள். கால்பந்துக்கு வாருங்கள். கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறினால் உலகக் கோப்பை நேரத்தில் மெஸ்ஸிக்கும் நெய்மருக்கும் கட்அவுட் வைத்திருப்பார்கள், ஏலத் தோட்டத்து வேலைக்குப் போகிற நம் ஜனங்களும் பார்த்திருப்பார்கள். நம் நாட்டு அணியின் கதை என்ன? 2024 மார்ச்சில் சொந்த மண்ணிலேயே ஆப்கானிஸ்தானிடம் தோல்வி. ஜூனில் கோச் ஸ்டிமாச் நீக்கம். ஊரே கை தட்டியது. அடுத்து வந்த மார்க்வெஸ் ஒரே நேரத்தில் கோவா கிளப்புக்கும் கோச், நாட்டுக்கும் கோச். ஒரு ஆளுக்கு இரண்டு குதிரை கொடுத்தது சம்மேளனம். அவர் காலத்தில் மாலத்தீவை ஜெயித்தது ஒன்றுதான் கணக்கில் இருக்கிறது. 2025 ஜூன் 10-ஆம் தேதி ஹாங்காங்கிடம் கடைசி நிமிஷத்து பெனால்டியில் தோற்றாகிவிட்டது. உடனே அவரையும் தூக்கு என்றார்கள். இரண்டு குதிரை கொடுத்தவர்களை யாராவது கேட்டார்களா?

இதே நாட்டில் சையத் அப்துல் ரஹீம் என்று ஒருவர் இருந்தார். ஹைதராபாத்காரர். தொழில் என்ன தெரியுமா? பள்ளிக்கூட வாத்தியார். 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் அவர் பயிற்சி கொடுத்த இந்திய அணி யூகோஸ்லாவியாவிடம் 10-1 என்று தோற்றது. பத்து கோல்! நம் ஆட்கள் சிலர் வெறுங்காலோடு ஆடிய காலம். இன்றைக்கு அப்படித் தோற்றால் விமானம் தரையிறங்கும் முன் கோச்சின் வேலை போயிருக்கும், நம் குழுவில் மீம்ஸ் வந்திருக்கும். அன்று ஒரு தோல்வியோடு அவர் கதையை முடித்துவிடவில்லை. 1956 மெல்போர்னில் அவருடைய அணி ஆஸ்திரேலியாவை 4-2 என்று வென்று அரையிறுதி போனது. எதிரே அதே யூகோஸ்லாவியா. முதல் கோல் போட்டது நாம்! கடைசியில் 4-1 என்று தோற்று நாலாவது இடம். ஒலிம்பிக் கால்பந்தில் அதற்கு மேல் நாம் போனதே இல்லை. 1962 ஜகார்த்தாவில் ஆசியத் தங்கம். அங்கேயும் முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் 2-0 தோல்வி, இறுதியில் அதே தென்கொரியாவை 2-1 என்று வென்றார்கள். அடுத்த வருஷமே புற்றுநோயில் அவர் போய்ச் சேர்ந்தார். ஹைதராபாத் போலீஸ் அணிக்கு 1950 முதல் சாகும்வரை அவர்தான் கோச். ஒரு வாத்தியாருக்கு வருஷங்களைக் கொடுத்தால் என்ன செய்வார் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

வாத்தியார் என்றதும் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். கோச்சின் வேலை நிலைக்குமா என்று மே மாதம் முழுக்கப் பேசினீர்களே, அதே மே மாதம் நம் பள்ளத்தாக்கில் எத்தனை கோச்சுகளுக்குச் சம்பளம் வரவில்லை தெரியுமா?

2012-ல் அரசுப் பள்ளிகளில் 16,549 பகுதிநேர ஆசிரியர்களை எடுத்தார்கள். ஓவியம், தையல், கணினி, அதோடு உடற்கல்வி. வாரத்தில் மூன்று அரை நாள், மாதம் 5,000 ரூபாய். அது 7,000 ஆகி, 7,700 ஆகி, 2021-ல் 10,000 ஆகி, 2024-ல் 12,500 ஆனது. 2025 மே மாதமும் சம்பளமே கிடையாது. பள்ளிக்கூடம் மூடியிருந்ததாம். வயிறு மூடியிருக்குமா? வேலைக்கு வைத்தது ஒரு கட்சியின் ஆட்சி. நிரந்தரம் ஆக்குவோம் என்று 2021 தேர்தலில் 181-வது வாக்குறுதியாக எழுதிக் கொடுத்தது இன்னொரு கட்சி. இரண்டு பேருக்கும் ஓட்டுப் போட்டவர்கள் நீங்களும் நானும். காத்திருந்து காத்திருந்து பாதியில் விட்டுப் போனவர்கள், இறந்தவர்கள் போக சுமார் 12,000 பேர் மிச்சம்.

அதில் ஒருவரை எனக்குத் தெரியும். பெயரும் ஊரும் வேண்டாம். பதின்மூன்று வருஷமாக ஒரே பள்ளி. மூன்று அரை நாள்தான் கணக்கு, அவர் வருவது தினமும் காலை ஆறரைக்கு. பெண் பிள்ளைகளுக்குக் கபடி சொல்லிக்கொடுக்கிறார். மண்டலப் போட்டிக்குக் கூட்டிப்போக பஸ் காசு அவர் கையிலிருந்துதான் போகிறது. மே மாதம் தோட்டத்தில் வாழைத்தார் சுமக்கிறார். அவர் அணி தோற்றால் தலைமையாசிரியர் கேட்கிறார், ஜெயித்தால் போட்டோவில் தலைமையாசிரியர் நிற்கிறார். பத்தாம் வகுப்பு வந்துவிட்டால் அவருடைய பீரியடைக் கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார். அந்தக் கடன் திரும்பி வந்ததாகச் சரித்திரம் இல்லை.

பெரியகுளத்தில் சில்வர் ஜூப்ளி கிளப்காரர்கள் வருஷா வருஷம் அகில இந்திய கூடைப்பந்துப் போட்டி நடத்துகிறார்கள். நாடு முழுக்க இருந்து அணிகள் வருகின்றன, ராத்திரி விளக்கு வெளிச்சத்தில் காலரி நிறைந்து வழியும். அந்தக் காலரியில் உட்கார்ந்து பந்து பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எத்தனை பேர் நம் ஊரில்! பார்த்ததோடு நிற்காமல் ஆட வைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளைத்தான் மூன்று அரை நாளுக்கு வைத்திருக்கிறோம்.

ஃபிளெமிங்குக்கு வேலை போனால் நாளைக்கே இன்னொரு அணி கூப்பிடும். சென்னையை நிறுத்தி வைத்திருந்தபோது புனே கூப்பிட்டது, 2017-ல் ஒரே ரன்னில் கோப்பையை விட்டார். அவரைப் பற்றி நீங்களும் கவலைப்பட வேண்டாம், நானும் படவில்லை. மாப்ளே, நீ கேட்ட கேள்வியைத் திருப்பிக் கேட்கிறேன். பதின்மூன்று வருஷம் ஒரே ஆளைத் தற்காலிகமாகவே வைத்திருக்க எந்தக் கம்பெனியில விடுவாங்க?

பள்ளி மேலாண்மைக் குழுவில் முன்னாள் மாணவர்களுக்கும் இடம் இருக்கிறது. உள்ளூரில் இருப்பவர்கள் அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். பி.டி. வாத்தியார் நிரந்தரமா பகுதிநேரமா, விளையாட்டுப் பீரியட் நடக்கிறதா, மே மாதச் சம்பளம் கேட்டுத் தீர்மானம் போட முடியுமா என்று மூன்று கேள்வி கேளுங்கள். வெளியூரில் இருப்பவர்கள் உங்கள் பழைய பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று கீழே எழுதுங்கள். எழுதும்போது பள்ளிக்கூடத்தின் பெயர் போடலாம், அந்த வாத்தியார் பெயரை மட்டும் போட்டுவிடாதீர்கள். இருக்கிற வேலையும் போய்விடும்.