ஏற்காட்டுக்கு ட்ரெக்கிங் போறீங்களா? தீப்பெட்டியை வீட்டிலேயே வெச்சிட்டுப் போங்க... ஏன் தெரியுமா?

யூடியூபில் 'புஷ்கிராஃப்ட்' என்று தேடினால் வீடியோக்கள் கொட்டுகின்றன. கிளைகளை வெட்டிக் குடில் போடுவது, கல்லை உரசித் தீ மூட்டுவது, காட்டுக்குள்ளேயே சமைத்துச் சாப்பிடுவது... பார்க்க நல்லாத்தான் இருக்கு. அதையே சேர்வராயன் மலையில் செய்து பார்த்தால் வனத்துறை வழக்குப் போடும். அதைவிடப் பெரிய சிக்கல், காடே தீப்பற்றலாம்.

சட்டம் என்ன சொல்கிறது?

1882-ம் ஆண்டு தமிழ்நாடு வனச் சட்டப்படி, காப்புக்காட்டில் அனுமதியில்லாமல் நுழைவது, மரம் வெட்டுவது, தீ மூட்டுவது எல்லாமே குற்றம். ஏற்காட்டில் காபி எஸ்டேட்டுகளை ஒட்டியே காடும் இருக்கிறது. எது எஸ்டேட், எது காப்புக்காடு என்பது வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. எஸ்டேட்டாகவே இருந்தாலும் அது தனியார் நிலம். உரிமையாளர் அனுமதி வேண்டும்.

தீ ஏன் இவ்வளவு ஆபத்து?

சேலம் அடிவாரத்திலிருந்து ஏறும் சரிவுகளில் இலையுதிர் காடும் மூங்கிலும் இருக்கின்றன. பிப்ரவரி தொடங்கினால் சருகு காய்ந்து கிடக்கும். அணைக்காமல் போட்ட ஒரு சிகரெட் போதும். சரிவில் தீ கீழிருந்து மேல்நோக்கித்தான் வேகமாகப் பாயும். மேலே இருக்கும் புல்லை அனல் முன்கூட்டியே காயவைத்துவிடுவதுதான் காரணம். சரிவு செங்குத்தாக ஆக ஆக வேகமும் கூடும். மனிதனால் ஓடித் தப்பிக்க முடியாது.

குரங்கணியில் நடந்தது என்ன?

2018 மார்ச் 11. தேனி மாவட்டம் குரங்கணி மலையில் சென்னை, ஈரோடு, திருப்பூர் பகுதிகளிலிருந்து வந்த இரண்டு குழுக்கள் காட்டுத்தீயில் சிக்கின. மருத்துவமனையில் இறந்தவர்களையும் சேர்த்து 23 பேர் பலியானார்கள். அதன் பிறகுதான் மலையேற்றத்துக்கு அரசு தனி விதிகளைக் கொண்டுவந்தது.

சரி, முறையா எப்படிப் போறது?

2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டம் தொடங்கப்பட்டது. 14 மாவட்டங்களில் 40 பாதைகள். சேலம் மாவட்டத்தில் கொண்டப்பநாயக்கன்பட்டி - குண்டூர் பாதையும் இதில் ஒன்று. ஆன்லைனில் பதிவு செய்தால், பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டி கூடவே வருவார். 2025-ல் தீ அபாயம் காரணமாக பிப்ரவரி 15 முதல் ஏப்ரல் 15 வரை பாதைகள் மூடப்பட்டன. அந்த மாதிரி சமயத்தில் 'குறுக்கு வழி தெரியும்' என்று யாராவது கூப்பிட்டால் போகாதீங்க.

பையில் என்ன இருக்கணும்?

* ஆளுக்குக் குறைந்தது 2 லிட்டர் தண்ணீர். ஓடைத் தண்ணீர் தெளிவாகத் தெரிந்தாலும் அப்படியே குடிக்கக் கூடாது.
* டார்ச், விசில், மழைக்கோட்டு, முதலுதவிப் பொருட்கள்.
* முழுக்கை பருத்திச் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ. பாலியஸ்டர் துணி தீயில் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.
* மொபைலில் முன்கூட்டியே டவுன்லோடு செய்த மேப். சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும்.

ஆபத்து வந்தால்?

தீ: புகை தெரிந்த உடனே திரும்புங்கள். மேட்டை நோக்கி ஓடாதீர்கள். புல் இல்லாத பாறை, சாலை, ஏற்கெனவே எரிந்து அணைந்த இடம் எது பக்கத்தில் இருக்கிறதோ அங்கே போங்கள்.

பாம்புக்கடி: கத்தியால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், உறிஞ்சாதீர்கள். கடித்த பகுதியை அசைக்காமல் வைத்து, 108-க்கு அழைத்து மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

காட்டெருமை: ஏற்காட்டுப் பக்கம் அடிக்கடி தென்படும். செல்ஃபிக்காக நெருங்காதீர்கள். சத்தம் போடாமல் பின்வாங்கி வழிவிடுங்கள்.

வழி தவறினால்: கண்டபடி நடக்காமல் ஒரே இடத்தில் நின்று விசில் ஊதுங்கள்.

கிளம்பும் முன் செய்ய வேண்டியது இன்னும் ஒன்று. எந்தப் பாதையில் போகிறீர்கள், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். சொன்ன நேரத்துக்கு நீங்கள் வரவில்லை என்றால், எங்கே தேடுவது என்பதாவது அவர்களுக்குத் தெரியும்.