கதவடைத்த குடில்கள்

இங்கிலாந்தின் கடற்கரைகளிலே வரிசை வரிசையாக நிற்கும் சிறு மரக்குடில்களை நேரிற் கண்டார் சிலர். படத்திற் கண்டார் பலர். நாட்காட்டியிலும் வாழ்த்து மடலிலும் தேநீர்க் கோப்பையிலும் அவையே காட்சி தருகின்றன. நீலம், மஞ்சள், இளஞ்சிவப்பு, பச்சை என ஒன்றையொன்று விஞ்சும் வண்ணங்கள், மேலே கூர்ங்கூரை, அதற்கும் மேலே முகிலற்ற வானம். அந்நாட்டில் வாழும் என் பழைய மாணாக்கர் ஒருவர், தாம் எடுத்த இத்தகைய படங்கள் நாற்பதை அண்மையில் அனுப்பியிருந்தார். நாற்பதும் அழகியவை. ஆயின், நாற்பதிலும் திறந்த கதவு ஒன்றேனும் இல்லை. மனிதர் ஒருவரேனும் இல்லை.

இதனைக் குறை என்னலாமா? என்னலாம் என்பதே என் துணிபு.

குடில் பிறந்த கதையைச் சிறிது நோக்குவோம். பதினெட்டாம் நூற்றாண்டிலே, கடல்நீர் பிணி தீர்க்கும் என்று மருத்துவர் சொல்ல, செல்வர் கடலாடப் புறப்பட்டனர். உடல் பிறர் கண்ணிற் படலாகாது என்பது அக்கால நாணம். ஆகவே சக்கரம் பூட்டிய மரப்பெட்டி ஒன்று தோன்றிற்று. நீராடுவார் அதனுள் இருந்து உடை மாற்றுவர். குதிரை அதனை நீருக்குள் இழுத்துச் செல்லும். கடற்பக்கத்துப் படிகளால் அவர் இறங்குவர். மாகேற் என்னும் ஊரிலே பெஞ்சமின் பீல் என்பார் அதற்கு விரிந்து மடங்கும் திரைக்கூடு ஒன்றும் அமைத்தார். படியில் இறங்குவாரைக் கரையிலுள்ளார் காணாவாறு அது மறைத்தது. விக்டோரியா மகாராணியாரும் 1847 ஆம் ஆண்டிலே வைற் தீவில் இத்தகைய வண்டியிலிருந்தே முதன்முதற் கடலில் இறங்கினார்.

பின்னர், ஆணும் பெண்ணும் ஒரு கரையில் நீராடுதல் இழிவன்று என்றாயிற்று. வண்டிக்கு வேலை அற்றது. சக்கரம் கழன்றது, பெட்டி கரையில் அமர்ந்தது. போண்மத் நகரசபை 1909 ஆம் ஆண்டில் வாடகைக்கு விடுவதற்கென்றே குடில்களைக் கட்டியது. மறைப்பதற்குப் பிறந்த பொருள் இன்று காட்டுவதற்கு நிற்கின்றது. இந்த வேடிக்கையைப் படம் எடுப்பார் பலர் அறியார்.

குடிலின் உள்ளே என்ன இருக்கும்? ஒரு சிறு அடுப்பு, ஒரு கேத்தல், மடக்கு நாற்காலிகள், ஈரத் துவாய், பிள்ளைகளின் வாளியும் மண்வாரியும். பெரும்பாலானவற்றில் இரவு தங்குதற்கு அனுமதி இல்லை. பகலுக்கு மட்டுமே உரிய வீடு அது. அந்நாட்டுக் கோடையோ நம்புதற்கு அரியது. மழை இறங்கினால், குடும்பம் முழுவதும் அப்பெட்டியுள் ஒடுங்கி, தேநீரைக் கையில் ஏந்தி, கடலைப் பார்த்தபடி இருக்கும்.

தொல்காப்பியர் முதல், கரு, உரி என மூன்றைக் கூறி, செய்யுளிலே அவை ஒன்றின் ஒன்று சிறந்து செல்லும் என்றார். கடலும் மணலும் முதல். குடிலும் கேத்தலும் கரு. மழை விடுமோ என்று வாசலில் நின்று வானத்தைப் பார்க்கும் தாயின் உள்ளமே உரி. நாற்பது படங்களிலும் முதல் உண்டு. கருவிற் பாதி உண்டு. உரி எங்கே? இலக்கணத்தைக் கமராவிற் பொருத்துகிறார் பண்டிதர் என்று நகைப்பாரும் உளர். நகைக்கட்டும்.

வண்ணமும் வடிவுமே ஒரு படத்துக்குப் போதுமே என்று கேட்பாருக்கு என் விடை இது: அவ்வண்ணத்தையேனும் ஊன்றிப் பாருங்கள். ஹோவ் என்னும் ஊரிலே குடிலின் உடலுக்கு நகரசபை விதித்த பச்சையே பூசல் வேண்டும். கதவின் நிறம் மட்டுமே உடையவர் விருப்பம். அவர் தம் மனத்தைச் சொல்லக் கிடைத்த இடம் அந்த ஒரு கதவு. சவுத்வோல்டிலே குடில்களுக்குப் பெயர் உண்டு. வாசலின் மேல் எழுதி வைத்திருப்பர். வரிசையின் அழகை நாடித் தொலைவில் நின்று எடுப்பவர் படத்தில் அப்பெயரை யார் படிப்பார்?

மார்ட்டின் பார் என்னும் படக்கலைஞர் 1983 முதல் 1985 வரை லிவர்பூலுக்கு அணித்தான நியூ பிறைற்றன் கடற்கரையிலே எடுத்த படங்கள் 1986 இல் நூலாயின. அழுகின்ற குழந்தை, உருகி வழியும் ஐஸ்கிறீம், சிதறிய குப்பை, நெருங்கிக் கிடக்கும் மக்கள். எளியாரை ஏளனஞ் செய்தார் என்று அவரைப் பழித்தாரும் உண்டு. அவ்வழக்கை நான் தீர்க்கப் புகேன். மனிதர் இருந்ததனாலன்றோ அவ்வழக்கு எழுந்தது! வண்ணக் குடில் நாட்காட்டியைக் குறித்து எவரும் வழக்காடியதில்லை.

மனிதர் நீங்கிய படத்திலே பொருள் மட்டும் எஞ்சும். பொருளுக்கு விலை எழும். மட்போர்ட் மணற்றிட்டிலே மரக்குடில் ஒன்று 300,000 பவுணுக்கு மேலும் விலைபோயிருக்கிறது. அங்கே இரவு தங்கலாம் என்பது உண்மை. ஆயினும் குடிலுக்குள் நீர்க் குழாய் இல்லை. படமே விலையை ஏற்றியது என்று சொல்லேன். எனினும், குடும்பம் மழைக்கு ஒதுங்கிய இடத்தை அணிகலனாகப் பார்க்கக் கண்ணைப் பழக்கியதிலே படத்துக்குப் பங்கில்லை என்றும் சொல்லேன். சாதாரண ஆசிரியர் ஒருவர் அவ்விலையைக் கொடுத்துத் தம் பிள்ளைகளை அங்கே இருத்த வல்லரோ?

சவுத்வோல்டுக் குடில்களுட் சில குளிர்காலத்தில் கடலின் சீற்றத்துக்கு அஞ்சி வாகனத் தரிப்பிடத்துக்குக் கொண்டு செல்லப்படும். கடல் முன்னில்லை, மணல் கீழில்லை. நீலமும் மஞ்சளும் அப்படியே இருக்க, அடுத்த கோடை வரைக்கும் அவை அங்கே நெருக்கியடித்து நிற்கும். அந்தப் படத்தை எந்த நாட்காட்டியிலும் நான் கண்டதில்லை.