கதவுகளின் நகரம்

1974இல் அமெரிக்காவில் பிறந்த பகடை விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கதாபாத்திரமாகவே மாறி ஆட வேண்டும். வெளியிட்ட டிஎஸ்ஆர் நிறுவனம் பல உலகங்களைத் தனித்தனியே விற்றது. ஓர் உலகில் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன் இன்னொன்றுக்குப் போவது எப்படி?

1989இல் வந்த ‘ஸ்பெல்ஜாமர்’ கப்பல் விட்டது: உலகங்கள் பளிங்குக் கோளங்களுக்குள், வெளியே சட்டென்று தீப்பற்றும் வண்ணக் கடல். 1994இல் டேவிட் குக்கின் ‘பிளேன்ஸ்கேப்’ கதவுகளைத் திறந்தது. வளைய வடிவ நகரமான சிகிலில் எந்த வளைவும் வாசலாகலாம். சாவி ஒரு பொருளாக இருக்கலாம். வெறும் நினைப்பாகவும் இருக்கலாம். தெரியாமல் நினைத்துக்கொண்டே நுழைந்தவன் நரகத்தில் விழலாம். கடவுள்களுக்கு மட்டும் அனுமதியில்லை!

2022இல் ஸ்பெல்ஜாமரின் புதிய பதிப்பு தீக்கடலை நீக்கி, சூட்சும வெளியை வைத்தது. பயணம் சுலபம்தான். விளக்கேற்றப் பயந்த மாலுமியைத்தான் காணோம்.