பறியும் பாடும்

இந்த வாரம் சூளூர்பேட்டை ரயிலில் பத்தியாளருக்கு எதிரே இரண்டு மாணவிகள். ‘ஜெய் பீம்’ படத்தை மதிப்பிட்டுக் கொண்டுவரச் சொல்லிக் கல்லூரியில் ஒரு தாள் கொடுத்திருந்தார்கள். பழங்குடிப் பாத்திரம் உண்டா, பெண் தன் குரலில் பேசுகிறாளா, அரசியல் வெளிப்படையா? கவரைப்பேட்டை வருவதற்குள் எல்லாவற்றுக்கும் ‘ஆம்’ போட்டு முடித்தாயிற்று. எளாவூரில் இறங்கி வீடு சேர்ந்த பிறகும் அவருக்கு எரிச்சல் அடங்கவில்லை.

படத்தின் மேல் கோபமில்லை. 2021 நவம்பரில் வெளியான நாள் முதல் இந்தப் பத்தியில் அது எத்தனை முறை வந்தது என்பது வாசகர்களுக்குத் தெரியும். சிறை வாசலில் சாதி கேட்டு ஆட்களைப் பிரிக்கும் அந்த முதல் காட்சிக்கு ஈடாக இன்னொன்றை அவர் தமிழ்க் குற்றப் படங்களில் கண்டதில்லை. நடந்த கதைதான். 1993-ல் கம்மாபுரம் போலீசார் பிடித்துப்போன ராஜாக்கண்ணு உயிரோடு திரும்பவில்லை. அன்று வழக்கறிஞராயிருந்த கே. சந்துரு ஆட்கொணர்வு மனுவோடு நின்றார். போலீஸ்காரர்கள் தண்டனை பெற்ற உயர் நீதிமன்றத் தீர்ப்பு வர 2006 ஆயிற்று.

ஆனால் ராஜாக்கண்ணு குறவர். படம் அவரை இருளராக்கியது. படத்தில் அவர் மனைவி செங்கேணியாக உருகி நடித்த லிஜோமோள் ஜோஸ் கேரளத்துக்காரர். அந்தத் தாளில் இவற்றுக்குக் கட்டமே இல்லை.

பத்தியாளரின் பழைய மனக்குறை வேறு. திரையில் இருளர் என்றால் பாம்பு, இல்லாவிட்டால் எலி. இந்தப் படத்திலும் பாம்பு பிடிக்கப் போன வீட்டில்தான் திருட்டுப் பழி ஒட்டுகிறது. எளாவூருக்குக் கிழக்கே பழவேற்காடு ஏரிப் பக்கம் போய்ப் பார்க்க வேண்டும். இருளப் பெண்கள் ஆழமில்லாத தண்ணீரில் குனிந்து, சில இடங்களில் தவழ்ந்தும், சேற்றைக் கையால் தடவி இறால் எடுக்கிறார்கள். வலை இல்லை, படகு இல்லை. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, அகப்பட்டதை அதில் போடுகிறார்கள். சிப்பி விரலைக் கிழிக்கும். வெயில் முழுக்க முதுகில். இந்த உழைப்பை எந்தத் தமிழ்ப் படத்திலும் அவர் பார்த்ததில்லை.

அதே ஏரியில் ‘பாடு’ என்றொரு முறை உண்டு. நல்ல இறால் வரும் இடங்களில் யார், எந்த நாள் வலை கட்டுவது என்று மீனவக் கிராமங்கள் தங்களுக்குள் சீட்டுக் குலுக்கிப் பிரித்துக்கொள்ளும். ஆளுக்கு ஆள் சண்டை வராமல் தலைமுறைகளாகக் காத்த ஏற்பாடு. அதன் நேர்த்தியைப் பத்தியாளர் மதிக்கிறார். இருளருக்கு அதில் இடமில்லை என்பதை அவரால் மதிக்க முடியவில்லை. ஏரிக்கு வெளியிலும் எளிதில்லை: பழங்குடிச் சான்றிதழுக்கு எளாவூர் இருளர் பொன்னேரி கோட்டாட்சியர் அலுவலகத்துக்கு அலைய வேண்டும். அது இல்லாமல் பிள்ளைக்குக் கல்லூரியில் பழங்குடி இடம் கிடைக்காது.

அந்த மாணவிகள் இதைப் படித்தால், தாளைக் கொடுக்குமுன் ஒரு நாள் எளாவூரில் இறங்க வேண்டும். ஏரிக்கரையில் பறியோடு கரையேறும் பெண்களிடம் படத்தைப் பற்றிக் கேட்டு, அவர்கள் சொல்வதை அப்படியே எழுதிக்கொள்ள வேண்டும்.