குழந்தை எங்கே?

காணாமற்போன குழந்தையைத் தேடும் பெற்றோரின் கதையைக் கையிலெடுத்தவர் அதனைப் பாதியில் கீழே வைப்பதில்லை. மர்மக் கதை என்றாலே முகஞ்சுளிக்கும் பெரியவர்கள்கூட இவ்வகைக் கதையை மட்டும் விளக்கை அணைக்காமல் படித்து முடிப்பர். இவ்வகையில் பெரும்பெயர் பெற்றது, அமெரிக்கக் கத்தோலிக்க எழுத்தாளர் மேரி ஹிக்கின்ஸ் கிளார்க் 1975-இல் வெளியிட்ட 'வேர் ஆர் த சில்ட்ரன்' என்னும் புதினம். 1964-இல் கணவரை இழந்து, ஐந்து மக்களைத் தனியே வளர்த்த அவ்வம்மையார், பிள்ளைகள் கண்விழிக்குமுன் விடியற்காலையில் அடுக்களை மேசையில் அமர்ந்து எழுதியவர். 2020-இல் மறைந்தார்.

கதைத்தலைவி முன்பொருமுறை தன் இரு குழந்தைகளைப் பறிகொடுத்தவள். அவர்களைக் கொன்றவளே அவள்தான் என்று குற்றஞ்சாட்டப்பெற்று, தண்டனைக்குத் தப்பியவள். வேறூரில் மறுமணம் புரிந்து, மீண்டும் இரு குழந்தைகளுக்குத் தாயாகி வாழ்கிறாள். ஒரு நாள் காலையில் அவர்களையும் காணவில்லை. ஊர் என்ன சொல்லும்? குழந்தைகளைத் தேடப் புறப்படுமுன்னரே தாயை நோக்கி விரல் நீட்டுகிறது. கடத்தியவன் யார் என்பதில் ஆசிரியை போடும் முடிச்சுகள் என் மனத்தில் அதிகம் நிற்கவில்லை. அந்த விரல் நிற்கிறது. தேடும் பெற்றோர் கள்வனை வெல்லுமுன், தம்மை நம்பாதவர்களை வெல்லவேண்டியிருக்கிறது.

இது கதையில் மட்டுமன்று. 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை எழுந்தபோது, இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கல்முனையில் ஏறத்தாழ இரண்டு மாதக் குழந்தை ஒன்று இடிபாடுகளுக்கிடையே உயிரோடு கண்டெடுக்கப்பட்டது. மருத்துவமனையில் சேர்க்கப்பட்டோர் வரிசையில் 81-ஆவது என்பதால், அதற்கு '81-ஆம் குழந்தை' என்பதே பெயராயிற்று. ஒன்பது தம்பதியர் உரிமை கொண்டாடுவதாக உலகச் செய்தித்தாள்கள் எழுதின. சாலமோன் அரசரின் தீர்ப்பை நினைவூட்டி மகிழ்ந்தன. முறைப்படி நீதிமன்றத்தை அணுகியதோ ஒரேயொரு தமிழ்த் தம்பதியர்தாம். மகனைக் கண்முன்னே கண்டும் அவன் தம்முடையவன் என்று மெய்ப்பிக்க அவர்களிடம் ஆவணம் இல்லை, கடல் கொண்டுபோயிருந்தது. மரபணுச் சோதனை நடைபெறட்டும் என்றது நீதிமன்றம். பொறுக்கமாட்டாத பெற்றோர் பிப்ரவரித் தொடக்கத்தில் மருத்துவமனைக்குள் புகுந்து குழந்தையை எடுத்துச்செல்ல முயன்றனர்; காவல்துறை அவர்களைக் கைது செய்தது! பிப்ரவரி நடுவில் சோதனை முடிவு வந்தது. குழந்தை அவர்களுடையதே. ஏழு வாரங்களுக்குமேல் கழிந்திருந்தன.

நீதிமன்றம் செய்தது தவறென்று நான் சொல்லேன். அவ்வேளையில் அநாதையான குழந்தைகளைக் கவர்ந்துசெல்லும் கயவர் பற்றிய அச்சம் எங்கும் இருந்தது. எனினும் அந்தத் தாய் கழித்த இரவுகளை எந்தப் புதினமும் எழுதிவிட முடியாது.

அதே அலை நம் நாகப்பட்டினத்தையும் வேளாங்கண்ணியையும் தாக்கியது. தமிழகத்தில் மாண்ட ஏறத்தாழ எண்ணாயிரம் பேரில் ஆறாயிரத்துக்கு மேற்பட்டோர் நாகை மாவட்டத்தினர். கிறிஸ்துமசுக்கு வந்து தங்கிய திருப்பயணிகளும் மாண்டவர்களுள் இருந்தனர். ஒரே குழியில் பலரை அடக்கம் செய்யவேண்டிய நிலையில், தம் பிள்ளை எங்கே அடங்கியது என்று அறியாமலே திரும்பிய பெற்றோர் உண்டு. புதினத்திற்கு இறுதி அத்தியாயம் உண்டு. அவர்களுக்கு அது இல்லை.

நம்பாமையின் விலை எவ்வளவு என்பதை டில்லிக்கு அருகிலுள்ள நிட்டாரி காட்டியது. 2005, 2006 ஆண்டுகளில் அங்கே ஏழைக் குடும்பங்களின் குழந்தைகள் ஒருவர்பின் ஒருவராக மறைந்தனர். பெற்றோரின் முறையீடு காவல்நிலையத்தில் எடுபடவில்லை. 2006 டிசம்பர் இறுதியில் ஒரு வீட்டின் பின்புறச் சாக்கடையில் எலும்புகள் கிடைத்தபின்னரே நாடு விழித்தது. 2013 மே 10-ஆம் நாள், 'பச்பன் பச்சாவ் ஆந்தோலன்' தொடுத்த வழக்கில் உச்சநீதிமன்றம் ஓர் ஆணையிட்டது: பதினெட்டு வயது நிரம்பாதவர் காணவில்லை என்ற முறையீடு வந்தால், அது கடத்தலே என்று முதற்கண் கொண்டு, முதல் தகவல் அறிக்கை பதிவுசெய்தல் வேண்டும்.

இருபத்துநான்கு மணி நேரம் பொறுத்திருக்கவேண்டும் என்ற எண்ணம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. அப்படி ஒரு சட்டம் இல்லை. எந்த எல்லைக்குட்பட்ட காவல்நிலையமாயினும் முறையீட்டைப் பதிவுசெய்யலாம். சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பிவிடாமல் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டுப் பெறுக, அது இலவசம். 1996-இல் மும்பையில் தொடங்கிய 1098 என்னும் தொலைபேசி எண், சிறுவர்க்கென்றே இரவும் பகலும் இயங்குவது. இதனை வீட்டிலுள்ள பிள்ளைகளும் மனப்பாடமாக அறிந்திருக்கவேண்டும்.

நாசரேத்துக் குடும்பம் தன் பன்னிரண்டு வயது மகனை எவ்வாறு தவறவிட்டது என்று லூக்கா எழுதியிருப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? உறவினரோடு வருகிறான் என்று எண்ணி ஒரு நாள் பயணம் நடந்துவிட்டனர். தஞ்சையிலிருந்தும் திருச்சியிலிருந்தும் காவியுடுத்தி வேளாங்கண்ணிக்கு நடந்து செல்லும் கூட்டங்களில் நிகழ்வதும் இதுவே. அப்பாவோடு போகிறான் என்று அம்மா எண்ணுவார். சித்தப்பாவோடு போகிறான் என்று அப்பா எண்ணுவார். சித்தப்பாவோ தேநீர்க்கடையில் நின்றுவிட்டிருப்பார். ஒவ்வொரு குழந்தைக்கும் இன்னார்தான் பொறுப்பு என்று பெயர் குறித்துவிட்டு நடப்பதே முறை.

காவல்துறையினர் முதலில் கேட்பது நிழற்படம். பள்ளியில் சேர்த்தபோது எடுத்த பழைய படம் பெரிதும் பயன்படாது. இரண்டாண்டில் குழந்தையின் முகமே மாறிவிடுகிறது. ஆகஸ்டு 29-ஆம் நாள் கொடியேற்றத்திற்குப் புறப்படுவோர், அன்று காலையிலேயே, உடுத்திய உடையோடு பிள்ளையை ஒரு படம் எடுத்துக் கைப்பேசியில் வைத்துக்கொள்ளட்டும். பெற்றோரின் பெயரும் எண்ணும் எழுதிய தாளொன்று பிள்ளையின் சட்டைப்பையில் இருக்கட்டும். கடலில் நனைந்தாலும் அழியாதபடி அதனை நெகிழித்தாளில் சுற்றி வையுங்கள்.