பீரங்கிக் குண்டும் இரண்டு சதவீதமும்

இந்த வார எரிச்சலுக்குக் காரணம் எம்.பி.ஏ. சேர்க்கை விளம்பரங்கள். எந்தக் கல்லூரி என்பது முக்கியமில்லை, எல்லாவற்றிலும் ஒரே வாசகம்: வணிகத் திறமையும் சமூகப் பொறுப்பும் சேர்ந்த தலைவர்களை உருவாக்குகிறார்களாம். பக்கத்தில் மரக்கன்றோடு மாணவர்கள். அந்தப் பொறுப்பு பாடத்திட்டத்தில் எங்கே இருக்கிறது என்று தேடினால் பெரும்பாலும் ஒரு விருப்பப் பாடம், அதிலும் பாதிக்கு மேல் கம்பெனிகள் சட்டத்தின் 135ஆவது பிரிவு. அந்தப் பிரிவின் மேல் எனக்குள்ள காய்ச்சல் பழைய வாசகர்களுக்குத் தெரியும், இன்னொரு முறை பொறுத்துக்கொள்ளுங்கள். குறிப்பிட்ட அளவுக்கு மேல் வளர்ந்த கம்பெனி, முந்தைய 3 ஆண்டுகளின் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். 2014 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. வழக்கமான தொழில் நடவடிக்கையாகச் செய்வது எதுவும் இந்தக் கணக்கில் சேராது என்கின்றன விதிகள். தொழிற்செலவைத் தர்மமாகக் காட்டி ஏமாற்றக் கூடாது என்பதற்காக எழுதியது, சட்டமாக அது சரி. வகுப்பறைக்குள் நுழையும்போதுதான் வினை. சம்பாதிக்கிற இடம் வேறு, பொறுப்பு காட்டுகிற இடம் வேறு என்று இருபத்திரண்டு வயதில் மனதில் பதிந்துவிடுகிறது.

வணிகத்தையும் சமூகத்தையும் ஒரே மூச்சில் சொல்லிப் பெயர் வாங்கியது அமெரிக்காவின் யேல் மேலாண்மைப் பள்ளி. 1976இல் முதல் மாணவர்கள் வந்தபோது எம்.பி.ஏ. பட்டமே அங்கு இல்லை. அரசு, தனியார் இரண்டுக்குமான மேலாண்மை என்று பட்டத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள், 1999இல்தான் ஊரோடு ஒத்துப்போனார்கள். அந்தப் பெயருக்குரிய எலிகு யேல் நம் கடலூரின் வரலாற்றில் வருகிறவர். கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைத் தலைவராக இருந்தபோது, 1690இல், தேவனாம்பட்டினத்துக் கோட்டையைச் செஞ்சியிலிருந்த மராட்டியரிடமிருந்து கம்பெனிக்காக வாங்கினார். புனித டேவிட் கோட்டை என்று அதற்குப் பெயரானது. பத்திரத்தில் எல்லை எப்படி வரையறுக்கப்பட்டது தெரியுமா? கோட்டையிலிருந்து சுட்டால் பீரங்கிக் குண்டு போய் விழும் தூரம்வரை. நாலா திசையிலும் சுட்டார்கள். கடலூர் நகரமும் சுற்றுக் கிராமங்களும் கம்பெனி வசமாயின. குண்டு கிராமங்கள் என்ற பெயர் வெகுகாலம் நிலைத்தது. வணிகத் திறமை என்றால் இதுதான், மறுப்பதற்கில்லை. சுடுவதற்கு முன் அந்த ஊர்க்காரர்களை யாராவது கேட்டிருப்பார்களா? யேலின் காலத்தில் சென்னையிலிருந்து கப்பலில் அடிமைகள் அனுப்பப்பட்டதும் பதிவில் இருக்கிறது. சொந்த லாபத்துக்குப் பதவியைப் பயன்படுத்தினார் என்று குற்றம்சாட்டப்பட்டு 1692இல் பதவி இழந்தார். ஊர் திரும்பிய பிறகு, 1718இல், அமெரிக்காவில் ஒரு சின்னக் கல்லூரிக்கு 9 பொதி சரக்கும் 417 புத்தகங்களும் அரசரின் படமும் அனுப்பிவைத்தார். காலிகோ, மஸ்லின் எல்லாம் இருந்த அந்தப் பொதிகள் ஐந்நூற்றுச் சொச்சம் பவுனுக்கு விலைபோயின. கல்லூரி அவர் பெயரைச் சூடிக்கொண்டது. தன் வரலாற்றுக்கும் அடிமைமுறைக்கும் உள்ள தொடர்புக்காக அந்தப் பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2024இல்.

பதினேழாம் நூற்றாண்டு மனிதரை இன்றைய அளவுகோலால் அளக்கலாமா என்று கேட்பீர்கள். அளக்க வேண்டாம். அவர் நடத்தையைக் குற்றமென்று சொன்னவர்கள் அவர் காலத்து ஆட்களே. எனக்கு முக்கியமாகப் படுவது கணக்கின் வரிசை. முதலில் ஈட்டல், கடைசியில் கொடை. பெயர் நிற்பது கடைசி வரியின் பலத்தில். அதே கடலூரில் உப்பனாற்றங்கரை சிப்காட்டுக்கு வாருங்கள். ரசாயன ஆலைகளின் நாற்றத்தைப் பற்றிப் புகார் சொல்லி அலுத்த கிராமத்தார், 2004இல் வாளியைக் கொண்டு செய்த எளிய கருவியில் தாங்களே காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். அதில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியவையும் இருந்தன. சட்டத்துக்குட்பட்டு லாபம் ஈட்டுவதுதான் தொழிலதிபரின் ஒரே பொறுப்பு என்று 1970இல் எழுதிய மில்டன் ஃப்ரீட்மனை மேற்கோள் காட்டுபவர்கள் இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். அடுத்தவர் நுரையீரலில் ஏற்றிவிட்ட செலவைக் கழிக்காமல் வரும் தொகைக்கு லாபம் என்று பெயர் வைப்பது கணக்கியலின்படியே பிழை. அந்தப் பிழைத் தொகையில்தான் 2 சதவீதம் கணக்கிடப்படுகிறது. அந்த 2 சதவீதமும் இல்லையென்றால் பள்ளிக்கூடத்துக் கழிப்பறையை யார் கட்டுவது என்பார்கள். கட்டட்டும். அடக்கவிலைப் பாடத்தை அதற்காகப் பாதியில் விட வேண்டியதில்லை.

நம் வணிகர்களிடம் மகமை என்றொரு வழக்கம் இருந்தது. ஆண்டு முடிவில் லாபம் பார்த்து ஒதுக்குவதல்ல, வாங்கும்போதும் விற்கும்போதும் சரக்கின் மேலேயே பிடித்துவைப்பது. நஷ்டம் வந்தாலும் மகமை உண்டு. செட்டிநாட்டிலும் விருதுநகரிலும் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அதில்தான் எழுந்தன. 135ஆவது பிரிவை எழுதியவர்கள் இதைப் பார்த்திருக்கலாம் என்று சொல்ல ஆசைதான். ஆனால் மகமையைத் தூக்கிப் பிடிப்பவர்கள் பர்மாவையும் சொல்ல வேண்டும். 1930களின் மந்தத்தில் கடனுக்கு ஈடாகக் கீழ் பர்மாவின் நெல் வயல்களில் ஏறக்குறைய கால்பங்கு செட்டியார் லேவாதேவிக்காரர்கள் கைக்கு வந்துசேர்ந்தது. மகமை முதல் வரியில் இருந்தும் பர்மிய விவசாயி நிலமிழந்தார். ஆகவே தர்மத்தை எந்த வரியில் எழுதினாலும் போதாது, ஈட்டலையே பாடமாக எடுக்க வேண்டும். செட்டியார் செல்வத்தில் 1929இல் எழுந்த சிதம்பரத்து அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் வணிக நிர்வாகத் துறைக்கு இதைவிட நல்ல பாடப்பொருள் ஏது? (அந்தப் பல்கலைக்கழகமே நிதி நெருக்கடியில் சிக்கி 2013இல் அரசு கைக்குப் போனது, ஆயிரக்கணக்கான உபரி ஊழியர்களை மற்றத் துறைகளுக்கு அனுப்ப வேண்டியிருந்தது. அதையும் ஒரு பாடமாக்கலாம், துணிச்சல் இருந்தால்.)

உள்ளூர் ஆலைகளைப் பாடமாக்கினால் வேலைக்கு ஆள் எடுக்க யாரும் வளாகத்துக்கு வரமாட்டார்கள் என்பது கல்லூரிகளின் பயம். நியாயமான பயம்தான். அதனால் பெயர்களை நீக்கிவிட்டுக் கணக்கை மட்டும் வைத்துக்கொள்ளலாம்: கழிவுநீரைச் சுத்திகரிக்க ஒரு லிட்டருக்கு என்ன செலவு, சுத்திகரிக்காமல் விட்டால் அது மீனவரின் வலையில் எவ்வளவு, அடக்கவிலையில் இரண்டாவதையும் சேர்த்தால் சரக்கின் விலை எங்கே நிற்கும். கம்பெனிகள் விவரம் தராது என்றால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கோப்புகள் இருக்கின்றன. தகவல் உரிமைச் சட்டத்தில் விண்ணப்பத்துக்கு 10 ரூபாய்தான் கட்டணம்.